பதினொரு வினாடி விருந்தாளிகள்

முதல் ஆள் வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெருக்குழாயில் தண்ணீர் வரும் முறைநாள், பாளையங்கோட்டையில் எங்கள் தெருவின் குடங்களெல்லாம் வரிசையில் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம். அவர் குடங்களைச் சுற்றிக்கொண்டு எங்கள் வீட்டு இரும்புக் கேட்டின் முன்னால் வந்து நின்றார், கழுத்தில் கம்பெனி அட்டை தொங்கியது, வலது கை மவுஸைப் பிடித்த வாக்கிலேயே வளைந்திருந்தது, வீட்டை மேலிருந்து கீழாக ஒருமுறை பார்த்தார், "அருமை, பகிர்வுக்கு நன்றி, ஓட்டுப் போட்டாச்சு" என்றார், தெருமுனையில் திரும்பினார், காணாமல் போனார். "யாருட்டி அது, கேபிள்காரனா?" என்று குழாயடியில் ஒருத்தி கேட்டாள். பதில் வருவதற்குள் இரண்டாவது ஆள் வந்து நின்றார், லுங்கியும் பனியனுமாக, வாயோரம் பற்பசை நுரையோடு. அவரும் அருமை என்றார். அன்று மாலைக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் வந்துபோனார்கள், எங்கள் தெருவுக்கு அன்று ஒரு குடம் தண்ணீர் குறைந்தது.

அவர்களை வரவழைத்தது நான்தான். எதற்காக என்று சொல்கிறேன்.

என் அண்ணன் நயினாருக்குத் திக்குவாய். சொல் தொண்டைவரை வந்து நின்றுகொள்ளும். மூன்றுமுறை எதையாவது தட்டினால், மேசையையோ தொடையையோ சாப்பாட்டுத் தட்டின் விளிம்பையோ, அப்புறம்தான் வெளியே வரும். எனக்கோ பேச்சுப் போட்டிக் கோப்பைகளை வைக்க வீட்டில் அலமாரி பத்தாது. சின்ன வயதிலிருந்து அவன் தொடங்கும் வாக்கியங்களை நான்தான் முடித்துவைப்பேன், உதவி செய்வதாகத்தான் நினைத்திருந்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவன் ஒரு கூரியர் கம்பெனி நேர்முகத்தில் தன் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் அனுப்பிவிட்டார்கள் என்று வந்து உட்கார்ந்திருந்தான், இனிமேல் எந்த நேர்முகத்துக்கும் போகப்போவதில்லை என்று எழுதிக் காட்டினான், நான் சோற்றைப் பிசைந்துகொண்டே அவன் ஏன் போயே ஆக வேண்டும் என்பதற்கு மூன்று காரணங்கள் சொன்னேன், மூன்றும் சரியான காரணங்கள். அவன் தட்டின் விளிம்பை மூன்றுமுறை தட்டினான். வாயைத் திறந்தான்.

"பயமா இருக்கு, அதானே?" என்று நான் முடித்துவைத்தேன்.

அவன் தட்டிலிருந்து கையை எடுத்தான். "ஜெயிச்சுட்ட ஆவுடை" என்றான். திக்காமல் சொன்னான். என் பெயரின் முதல் எழுத்து அவனுக்கு எப்போதுமே கஷ்டம், அன்றைக்கு மட்டும் வழுக்கிக்கொண்டு வந்தது. கையைக் கழுவினான், செருப்பைப் போட்டான், போனான். அவன் உண்மையில் என்ன சொல்ல வந்தான் என்பது அந்தத் தட்டின் விளிம்போடு நின்றுபோயிற்று.

காவல் நிலையத்தில் எழுதிக் கொடுத்தோம். "இருபத்தஞ்சு வயசு ஆம்பளதான, வந்துருவாம்" என்றார்கள். நான் ஒரு வலைப்பூ தொடங்கினேன், 'அண்ணே, நான் தோத்துட்டேன்' என்று அதற்குப் பெயர் வைத்தேன், நாளுக்கு ஒரு பதிவு, நாங்கள் என்ன குழம்பு வைத்தோம், அவன் நட்டுவைத்த பப்பாளி எந்த உயரம் வந்தது, எந்தெந்தச் சண்டைகளில் அவன் சொன்னதுதான் சரி. எந்த ஊரிலிருந்து யார் வந்தார், எவ்வளவு நேரம் இருந்தார் என்று காட்டும் கவுண்ட்டர் ஒன்றையும் ஓரத்தில் ஒட்டினேன். இரண்டு மாதமாக நாளுக்கு ஏழு பேர் வந்தார்கள். ஏழே பேர்.

என்னோடு புள்ளியியலில் எம்.ஃபில். படிக்கும் எஸ்தர் அந்த ஏழைப் பார்த்துச் சிரித்தாள். "பிளாக் எழுதி வீட்டுக்குள்ளயே பூட்டி வச்சா எப்படிட்டி? தூக்கணாங்கூட்டுல சேரு. நாலு பேருக்கு நீ ஓட்டுப் போடு, அவிய ஒனக்குப் போடுவாவ, முன்பக்கத்துக்கு வந்துட்டா ஆயிரக்கணக்குல வருவாவ. ஆயிரத்துல ஒருத்தனுக்குத் தெரியாமயா இருக்கும் ஒங்கண்ணன?"

தூக்கணாங்கூடு என்பது பதிவர்கள் எல்லாரும் தங்களுக்குப் பிடித்ததை அடையாளமிட்டு வைக்கிற, ஓட்டுப் போட்டு மேலே ஏற்றுகிற ஒரு தளம். பிடித்ததை என்று சொன்னேன், அது ஒரு பேச்சுக்கு. கல்யாண வீட்டில் மொய் எழுதுவது போலத்தான் அங்கே ஓட்டு. நீ எனக்கு எழுதினாய், நான் உனக்கு எழுதுகிறேன், பந்தியில் என்ன பரிமாறினார்கள் என்று யாருக்கும் தெரிய வேண்டியதில்லை. தாத்தா இறந்துபோனார் என்று ஒருவர் எழுதினால் கீழே முப்பது பேர் 'அருமை, தொடருங்கள்' என்று போட்டிருப்பார்கள். முப்பது பேருக்கும் அவர் 'வருகைக்கும் கருத்துக்கும் நன்றி' என்று தனித்தனியாகப் பதில் போட்டிருப்பார். இதைப் பற்றி நான் கொதித்துப்போய் ஒரு பதிவே எழுதினேன். அதற்குத்தான் ஐம்பத்தாறு ஓட்டு விழுந்தது, முன்பக்கத்தில் ஏறியது, மறுநாள் செவ்வாய்க்கிழமை, முறைத்தண்ணீர் நாள், அவர்கள் வரத் தொடங்கினார்கள்.

வலைப்பூவுக்கு நேராக வந்து படிக்கிறவர்கள் எப்போதும் போல அவரவர் ஊரிலேயே இருந்து படித்தார்கள். தூக்கணாங்கூட்டின் வழியாகச் சொடுக்கியவர்கள் மட்டும் ஆளாக வந்து நின்றார்கள். பின்னூட்டப் பெட்டியில் அவர்கள் எதைத் தட்டினாலும் அது எழுத்தாக நிற்கவில்லை, எங்கள் கேட்டுக்கு முன்னால் அவர்கள் வாயிலிருந்து சொல்லாக வந்தது. சராசரி பதினொரு வினாடி. கவுண்ட்டரும் அதையே காட்டியது.

தெரு இதைப் பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று, அவ்வளவுதான். ஆளாளுக்குச் சேலை மடிக்க ஒரு மறுமுனை கிடைத்தது. துவைத்த சேலையின் ஒரு நுனியை வருகிறவர் கையில் கொடுத்தால் பதினொரு வினாடிக்குள் நான்காக மடித்துவிடலாம் என்று எதிர்வீட்டு அக்கா கண்டுபிடித்தாள், மறுநாளிலிருந்து பத்து வீட்டுச் சேலைகளும் அப்படித்தான் மடிக்கப்பட்டன. முனைக்கடை டீ மாஸ்டர் பதினொரு வினாடியில் குடிக்கிற மாதிரி ஆறவைத்த டீயைச் சின்னக் கோப்பையில் ஊற்றி வரிசை நெடுக நீட்டினார், வந்தவர்கள் குடித்துவிட்டு அதற்கும் அருமை என்றார்கள். பெண்களுக்கு நேரம் பார்க்கக் கடிகாரம் வேண்டாமல் போயிற்று. முட்டையை நாற்பது அருமைக்கு வேகவிடு, ரசம் நுரைத்ததும் ஒரு அருமை பொறுத்து இறக்கு என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்கள். மாநகராட்சியிலிருந்து ஒருவர் வந்து, இது ஊர்வலமா, வரிசையா, ஊர்வலமென்றால் அனுமதி வேண்டும், வரிசையென்றால் வேண்டாம் என்று இரண்டு நாள் யோசித்து, எல்லாரும் நின்றுவிட்டுப் போவதால் வரிசைதான் என்று எழுதிக்கொண்டு, வரிசையில் தானும் ஒருமுறை நின்று பார்த்துவிட்டுப் போனார். நாங்கள் யாரும் அவர்களுடைய பெயரைக் கேட்கவில்லை. அவர்களும் எங்களிடம் எதுவும் கேட்கவில்லை.

கேட்டவள் அம்மா ஒருத்திதான். கேட்டருகே முக்காலி போட்டு உட்கார்ந்து ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், ஒவ்வொருவரிடமும் அண்ணனின் போட்டோவை நீட்டினாள், "இவனப் பாத்தியளா, வாய் கொஞ்சம் திக்கும், இடது புருவத்துல தழும்பு" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர்கள் அருமை என்றுவிட்டுப் போனார்கள். நான் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்து அடுத்த நாளின் பதிவை எழுதிக்கொண்டே, வந்த ஒவ்வொருவருக்கும், "வருகைக்கும் கருத்துக்கும் நன்றி" என்றேன். முதல் நாள் நிமிர்ந்து சொன்னேன். மூன்றாம் நாளிலிருந்து எழுத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் சொன்னேன். முறை தெரியாதவள் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே.

நூறு பேரில் ஒருவர் பதினொரு வினாடிக்குமேல் நின்றார். ஏதோ உண்மையாகவே படிக்கிறவர் போலச் சுவரையே பார்த்துக்கொண்டு நின்றார், அவரால் பின்னாலிருக்கிற வரிசை முட்டி மோதி எதிர்வீட்டு முருங்கை ஒடிந்தது. அந்த ஒருவர்தான் தொந்தரவு என்று தெரு முடிவு செய்தது. எங்கள் மாடியில் புதிதாகக் குடிவந்திருந்த கந்தையா, அரசு பஸ்ஸில் முப்பது வருடம் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், பழைய விசிலை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தார். கண்ணைக் கைக்கடிகாரத்தை விட்டு எடுக்காமல், அம்மா நீட்டும் போட்டோவைக்கூடத் திரும்பிப் பார்க்காமல், பதினோராம் வினாடியில் ஒரு ஊது. "நகரு நகரு, உள்ள எடம் இருக்கு, போலாம் ரைட்." வரிசை ஓடத் தொடங்கியது. எனக்கும் சந்தோஷம்தான். அன்றைக்கு ஆயிரத்து அறுநூறு, மறுநாள் ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

இரண்டு மாதம் ஆயிற்று. அம்மாவின் கால் வீங்கிவிட்டது, கண்ணில் எந்நேரமும் நீர் வடிந்தது, ஆனாலும் காலையில் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போனாள்.

"உள்ள போயிப் படும்மா."

"மூஞ்சியப் பாக்க ஆள் வேண்டாமாட்டி?"

"எண்பதாயிரம் மூஞ்சி பாத்தாச்சு. ஒண்ணுகூட அவன் இல்ல. அடுத்து வாரது அவனா இருக்க என்ன வாய்ப்புன்னு நான் கணக்குப் போட்டுச் சொல்லட்டா? நீ உக்காந்தாலும் ஒண்ணுதான், படுத்தாலும் ஒண்ணுதான். அவனத் தெரிஞ்சவன் எவனாவது பாத்துச் சொன்னாத்தான் உண்டு. அதுக்குக் கூட்டம் வேணும், ஒன் கண்ணு வேண்டாம்."

அம்மா முக்காலியின் காலைத் தடவினாள். "நீ படிச்சவ. சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள், உள்ளே போனாள். இரண்டாவது முறையும் நான் ஜெயித்தேன்.

அதே வாரம் கூட்டம் சரிந்தது. யாரோ ஒரு நடிகரின் பழைய வீட்டைப் பற்றிய பதிவு முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டது, எங்கள் தெருவுக்கு நாளுக்கு நாற்பது பேர்கூட வரவில்லை, ஈரச் சேலைகள் மறுமுனை இல்லாமல் கிடந்தன, நாற்பது அருமைக்கு வேக வேண்டிய முட்டை மத்தியானம்வரை வெந்தது. டீ மாஸ்டர் என்னைப் பார்க்க வந்தார். "சூடா ஏதாவது எழுதும்மா. தெருவே காத்தாடுது." எஸ்தர் சொன்னாள், "தலைப்புத்தாண்டி எல்லாம். உள்ள என்ன இருந்தா என்ன?"

நான் அப்படி ஒரு தலைப்பு வைத்தேன்: 'என் அண்ணன் கிடைத்துவிட்டான்.' உள்ளே, இஸ்திரிக்காரரின் மூட்டையில் அவனுடைய நீலச் சட்டை ஒன்று கிடைத்தது என்று எழுதியிருந்தேன். தவறு என்று எனக்குத் தெரியும். கூட்டம் அவனுக்காகத்தானே, அவனுக்காகச் சொல்கிற பொய் பொய்யாகுமா என்று நானே கேட்டு நானே பதில் சொல்லிக்கொண்டேன், அந்த வாதத்திலும் எதிரில் யாரும் இல்லாததால் சுலபமாக ஜெயித்தேன். மறுநாள் இரண்டாயிரத்து அறுநூறு பேர். "கிடைத்ததில் மகிழ்ச்சி", "வாழ்த்துகள் சகோ", "அருமை". விசில். "வருகைக்கும் கருத்துக்கும் நன்றி." விசில். நான் தலை குனிந்து அடுத்த பதிவை எழுதிக்கொண்டிருந்தேன். 'அண்ணே, நீ எங்கே இருந்தாலும் ஒருமுறை வந்து நின்றுவிட்டாவது போ' என்பது அதன் முதல் வரி.

அன்று சாயங்காலம், தெரு கூட்டிப் பெருக்கும் நேரத்தில், கந்தையா விசிலை வேட்டியில் துடைத்துக்கொண்டே கேட்டின்மேல் சாய்ந்தார்.

"இன்னைக்கு ஒருத்தன் ஒம்பது தடவ வந்தாம்மா. விரட்ட விரட்டத் திரும்ப வரிசைக் கடைசில வந்து நிக்கான்."

"டீக்கா?"

"டீயத் தொடல. நேரா ஒன் மேசைக்கிட்ட வருவான், மேசைய மூணு தட்டுத் தட்டுவான், வாயத் தொறப்பான். ஒண்ணும் வராது. பின்னால உள்ளவங்க சத்தம் போடுவாங்க, நான் ஊதிருவேன். கடைசித் தடவ பாவமாத்தான் இருந்துச்சு, ரெண்டு வினாடி கூடக் குடுத்தேன். ஆ, ஆன்னான். அதுக்குள்ள நீதான் நன்றி சொல்லி அனுப்பிட்டியே தாயி."

மூன்று தட்டு எனக்குக் கேட்டிருந்தது. ஒன்பது முறையும் கேட்டிருந்தது, யாரோ அவசரக்காரன் என்று நினைத்தேன், ஒருமுறை நிமிராமலே "இருங்க சார்" என்றும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா உள்ளிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். "தழும்பு இருந்துச்சா?" என்று கந்தையாவைக் கேட்டாள்.

"புருவத்துலயா? ஆமா. சாம்பல் கலர் யூனிபாரம் போட்டிருந்தான். வாட்ச்மேன் மாதிரி." அவர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார், விசிலைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "வேண்டப்பட்ட பிள்ளையா?"

அம்மா என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன், என்னிடம் எப்போதும் பதில் இருக்கும். அவள் நான் உட்கார்ந்திருந்த மேசையின் விளிம்பைக் கையால் தடவிப் பார்த்தாள், அவன் எந்த இடத்தில் தட்டினான் என்று கந்தையாவிடம் கேட்டாள், அவர் காட்டினார், அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு தெருவிளக்கு எரியும்வரை நின்றாள்.

கவுண்ட்டரைப் பின்னோக்கி ஓட்டிப் பார்த்தேன். நாக்பூர். ஒன்பது வருகை, எட்டு பதினொரு வினாடி, ஒன்று பதிமூன்று. இன்னும் பின்னால் போனேன், கூட்டம் வருவதற்கு முந்தைய நாட்களுக்கு, நான் பார்த்துச் சலித்துக்கொண்ட அந்த ஏழு பேருக்கு. நாக்பூர், மதியம் ஒன்று நாற்பது, இருபத்திரண்டு நிமிடம். முந்தைய நாள், நாக்பூர், ஒன்று நாற்பது, இருபத்திரண்டு நிமிடம். அதற்கும் முந்தைய நாள். நான்கு மாதம், ஒருநாள் விடாமல், யாரோ மதியச் சாப்பாட்டு இடைவேளையில் எங்கள் பப்பாளியின் உயரத்தைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறான். கூட்டம் வந்த பிறகும் அவன் நேர்வழியில் வந்து படித்துக்கொண்டுதான் இருந்தான்; ஆயிரத்துத் தொள்ளாயிரத்துக்கு அடியில் அது எனக்குத் தெரியவில்லை. அந்த ஒரு நாள் மட்டும் தூக்கணாங்கூட்டின் முன்பக்கத்தில் அந்தத் தலைப்பைப் பார்த்திருக்கிறான். தன்னை யாரோ கண்டுபிடித்துவிட்டதாகத் தங்கை எழுதியிருக்கிறாளே என்று சொடுக்கியிருக்கிறான். எழுத்தில் அவன் திக்கவே மாட்டான். உலகத்தில் அவன் திக்காத ஒரே இடம் அந்தப் பின்னூட்டப் பெட்டிதான், அதையும் நான் வாயாக்கி வைத்திருந்தேன்.

கூட்டத்தால் என்ன பயன் என்று இப்போதும் பதிவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள், எத்தனை மணிக்குச் சேர்த்தால் முன்பக்கம் கிடைக்கும் என்று பட்டியல் போடுகிறார்கள். நான் படித்த படிப்புக்கு ஒரு கணக்குப் போட்டேன். எண்பதாயிரம் பேர், ஆளுக்குப் பதினொரு வினாடி, இருநூற்று நாற்பத்துநான்கு மணி நேரம். ஒருவன், நாளுக்கு இருபத்திரண்டு நிமிடம், நான்கு மாதம், நாற்பத்துநான்கு மணி நேரம். கணக்கில் அவர்கள்தான் ஜெயிக்கிறார்கள். கணக்கில் ஜெயிப்பதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம்.

தூக்கணாங்கூட்டிலிருந்து வலைப்பூவை எடுத்துவிட்டேன். தெரு ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எஸ்தர், "ஒரு ஆளுக்காக இத்தன ஆள விடுவியாட்டி" என்றாள். நான் வாதாடவில்லை, அவள் பயந்துபோய் எனக்குக் காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தாள். கந்தையா விசிலைப் பரணில் போட்டுவிட்டார். நானும் அம்மாவும் நாக்பூர் போய் வந்தோம். சாம்பல் சீருடை போட்ட காவலாளிகள் அந்த ஊரில் வாசலுக்கு ஒருவர், அம்மா ஆறு நாள் வாசல் வாசலாகப் போய் முகம் பார்த்தாள், ஆறு நாளும் நான் எண்ணிக்கை எதுவும் சொல்லாமல் பின்னால் நடந்தேன்.

இப்போது நாளுக்கு ஆறு பேர் வருகிறார்கள். பின்னூட்டப் பெட்டியில் எழுத்து மறுபடியும் எழுத்தாக நிற்கிறது. மதியம் ஒன்றரைக்கு அம்மா முக்காலியைக் கொண்டுவந்து கணினிக்கு முன்னால் போட்டுக்கொள்கிறாள், ஒன்று நாற்பதுக்கு நான் கவுண்ட்டரைத் திறக்கிறேன், நாக்பூர் இல்லை, இரண்டு மணி இரண்டு நிமிடம்வரை இருவரும் உட்கார்ந்திருக்கிறோம், பிறகு அம்மா சோறு போடுகிறாள்.

அண்ணே, இதை எதிலும் சேர்க்கவில்லை, யாரிடமும் ஓட்டுக் கேட்கவில்லை, தலைப்பில் உன் பெயர்கூட இல்லை. பப்பாளி காய்த்துவிட்டது. இங்கே விசில் கிடையாது, உனக்குப் பின்னால் வரிசையில் யாரும் இல்லை. நேரில் வந்தாலும் சரி, எழுதினாலும் சரி. அன்றைக்குத் தட்டின் விளிம்பைத் தட்டிவிட்டு நீ சொல்ல வந்ததை மூன்று தட்டோ முந்நூறு தட்டோ தட்டிச் சொல்லு. நான் முடித்துவைக்க மாட்டேன். மேசையில் பேனா இல்லை, பேப்பர் இல்லை. நிமிர்ந்துதான் உட்கார்ந்திருக்கிறேன்.